வெறும் பொடிதானா?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உட்பக்கம் நின்றே என் உத்தியோக காலம் போய்விட்டது. மாத்திரை வாங்குகிறவர் முகம் ஒரு மாதிரி இருக்கும், டானிக் பாட்டில் வாங்குகிறவர் முகம் கொஞ்சம் மலர்ந்திருக்கும். பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீட்டினால் மட்டும் முகம் சுண்டிப்போகும். "வெறும் பொடிதானா சார்? ஒரு ஊசியப் போட்டு, ஒரு பாட்டில் ஏத்திவிட்டா என்னவாம்?" என்று பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்ட பாட்டிகளுக்குக் கணக்கே இல்லை. வாங்கின பாக்கெட்டை வாசலிலேயே போட்டுவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய் நூற்றுக்கணக்கில் செலவழித்து பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பெரிய பெரிய டாக்டர்களே அந்தப் பொடியை நம்புவதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் குறைவான நாட்களில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் இந்தக் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது வேலையும் இல்லை, அவசரமும் இல்லை, முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

காலரா என்றால் எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்குக் குலை நடுங்கும். காலையில் வயலுக்குப் போனவர் சாயங்காலம் இருக்கமாட்டார். கழுநீர் நிறத்தில் பேதியாகும். முற்றிவிட்டால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். கண் குழிவிழுந்து, விரல் நுனிகள் சுருங்கி, குரல் கம்மி, நாடி பிடிபடாமல் போய்விடும். அந்தக் கிருமி சதையை அரிப்பதுமில்லை, ரத்தத்தில் புகுந்து ஓடுவதுமில்லை. குடலில் உட்கார்ந்துகொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு பட்டதும் குடலின் உள்சுவர் உடம்பில் இருக்கும் தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ள ஆரம்பித்துவிடுகிறது. இதை 1959இல் சோதனைச்சாலையில் நிரூபித்துக் காட்டியவர் கல்கத்தாக்காரர், சம்புநாத் தே. ஆக, காலராவில் ஆள் சாவது வறண்டுபோவதால்தான். போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். கிருமி சில நாளில் தானாகவே கழிந்துவிடும்.

'திருப்பிக் கொடுத்தால் போதும்' என்பது தே கண்டுபிடிப்பதற்கு வெகு முன்னாலேயே ஒருவருக்குத் தோன்றியிருந்தது. 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது ஓஷானஸி என்ற இருபத்திரண்டு வயது டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். நீரும் உப்பும் குறைந்து ரத்தம் குழம்பாகிவிட்டிருந்தது. அதைத் திருப்பிச் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். (இதே ஓஷானஸிதான் பிற்பாடு கும்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்து, இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர். சிலருக்கு ஒரு ஜன்மம் போதுவதில்லை.) அந்த எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த வருஷமே செய்து பார்த்தவர், ஸ்காட்லாந்தில் லீத் என்ற ஊரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் லாட்டா. முதலில் அவருக்குக் கிடைத்தது ஒரு வயதான அம்மாள். நாடி இல்லை, மற்ற எல்லா வைத்தியமும் பார்த்துக் கைவிட்டாயிற்று. கை நரம்பில் ஒரு குழாயைச் செருகி, உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூச்சு சீரானது, முகத்தில் களை வந்தது, நாடி திரும்பியது. ஆறு பைண்ட், அதாவது மூன்று லிட்டருக்கு மேல் ஏறியபோது அந்த அம்மாள் தெளிவாகப் பேசி, தமாஷ்கூடப் பண்ணினாளாம். கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும் என்றிருக்கிறாள். லாட்டாவும் அவளை அங்கிருந்தவர்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுபடி வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. ஐந்தரை மணி நேரத்தில் இறந்துபோனாள்.

எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனசு வராது. வைத்தியம் சரி. அளவும் சரி. ஆனால் ஒரு தடவை ஏற்றினால் ஆயிற்று என்று நினைத்ததில்தான் உயிர் போயிற்று. போய்க்கொண்டே இருக்கிற நோய்க்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லாட்டாவே அதைப் புரிந்துகொண்டார், அடுத்த ஆட்களுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றினார், சிலரைப் பிழைக்கவும் வைத்தார். ஆனால் அடுத்த வருஷம் அவரே காலமாகிவிட்டார். காலராவும் அடங்கிவிட்டது. வைத்திய உலகம் அதைச் சுத்தமாக மறந்துபோனது. நீர் இழந்து கிடக்கிற ஆளின் கையைக் கீறி மேலும் ரத்தம் எடுப்பதுதான் அன்றைக்குப் பெரிய வைத்தியம்!

நரம்பில் ஏற்றுகிற முறை இருபதாம் நூற்றாண்டில் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். வராதவர்களுக்கு? காலரா வருகிற ஊர்கள், ஆஸ்பத்திரி இல்லாத ஊர்கள். வாயால் குடிக்கக் கொடுக்கலாமே என்றால், வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் அதுவும் பேதியோடு போய்விடுகிறது. காலராவில் குடலின் உள்தோலே உரிந்துவிடுகிறது, எதையும் உறிஞ்சாது என்று வெகுகாலம் நம்பினார்கள். இறந்தபிறகு அறுத்துப் பார்த்த குடலை வைத்து வந்த எண்ணம் அது. 1960 வாக்கில் உயிரோடிருக்கும் நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோது தோல் முழுசாக இருந்தது.

அதே 1960இல், பிராக் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில், ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியல்காரர் ஒன்று சொன்னார். அவருக்குக் காலராவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சர்க்கரை எப்படிக் குடலைத் தாண்டி உடம்புக்குள் போகிறது என்பதுதான் அவர் கவலை. குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது, தம்பதியாக வந்தால்தான் உள்ளே விடும் கல்யாணப் பந்தி மாதிரி. உப்பில் இருக்கும் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே போகலாம். அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா நஞ்சு மற்றதையெல்லாம் குலைத்தாலும் அந்த வாசலை மட்டும் அடைக்கவில்லை. உப்போடு சர்க்கரையையும் போட்டுக் கொடுத்தால் தண்ணீர் தங்கும் என்பதற்கு அடிப்படை இதுதான்.

இதற்கும் ஏழு வருஷம் முன்னாலேயே, 1953இல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக் காலரா நோயாளிகளைக் குணப்படுத்தி, லான்செட் இதழில் எழுதியிருந்தார். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியின் இனத்துச் செடிச்சாற்றையும் கூடவே கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டுரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு வைக்கவில்லை, முறைப்படி செய்யவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். சரியான ஆட்சேபம்தான். ஆனால் அதை முறைப்படி செய்து பார்க்கலாம் என்று அப்போதே ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம்.

1962இல் ராபர்ட் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை டாக்டர் மணிலாவில் கிட்டத்தட்ட அதைச் செய்தார். அவர் கலந்த கரைசல் அடர்த்தி கூடிவிட்டது, நோயாளிகள் சிலர் இறந்துபோனார்கள். பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். அதற்குப் பிறகு வாய்வழிக் கரைசல் என்றாலே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் 1968இல், டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளைஞர்கள் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். அவர்கள் செய்ததில் ஒரு மாயமும் இல்லை. எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்தார்கள், அதே அளவு குடிக்கக் கொடுத்தார்கள், ராத்திரி பகலாக. நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சமானது.

அதுவும் ஆஸ்பத்திரிக்குள்தான், டாக்டர் கண் முன்னால்தான். சாதாரண ஜனங்கள் கையில் இதைக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தைரியம் வரவில்லை. வேறு வழியே இல்லாத ஒரு நிலை வந்துதான் அந்தத் தைரியம் வந்தது.

1971. கிழக்குப் பாகிஸ்தானில் யுத்தம். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம். முகாம்களில் காலரா புகுந்தது. மேற்கு வங்காளத்து எல்லையில் பன்காவ் என்ற ஊர் ஆஸ்பத்திரிக்கு ஜூன் மாதக் கடைசியில் திலீப் மகலனாபிஸ் போய்ச் சேர்ந்தார். வயது முப்பத்தாறு, குழந்தைகள் டாக்டர், கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி மையத்தில் வேலை. அங்கே இரண்டு அறைகள் நிறைய நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஒருவருக்கு ஊசி ஏற்ற வேண்டுமானால் மலத்திலும் வாந்தியிலும் முழங்கால் போட்டு உட்கார வேண்டும். நரம்பில் ஏற்றத் தெரிந்தவர்கள் அவர் குழுவில் இரண்டே பேர். சலைன் பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன. இரண்டு நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த வழியில் போனால் ஜெயிக்க முடியாது.

கல்கத்தா மையத்தின் நூலக அறையைக் காலி பண்ணினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. ஒருவர் நிறுக்க, ஒருவர் பாலித்தீன் பையில் போட, ஒருவர் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வாயை ஒட்ட, இன்னொருவர் எப்படிக் கரைப்பது என்ற சீட்டை ஒட்ட, பொட்டலங்கள் முகாமுக்குப் போயின. அங்கே குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். அம்மா, அக்கா, புருஷன், பக்கத்துப் பாய்க்காரர் என்று யார் இருந்தார்களோ அவர்களே டம்ளரில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 காசு.

நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், மகலனாபிஸ் குழு பார்த்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. கரைக்கிற முறையை எல்லைநெடுகத் துண்டுச்சீட்டில் விநியோகித்தார்கள். ரகசியமாக நடந்த வங்காளதேச வானொலியிலும் சொன்னார்கள்.

படித்தவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. படிக்காத அகதிகள் டம்ளரில் கொடுத்து வந்த பலனா என்று சந்தேகப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அதில்தான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிரே இருக்கிறது. லாட்டா போனபிறகு அந்த ஸ்காட்லாந்து அம்மாளுக்குக் கிடைக்காதது, பன்காவில் ஒவ்வொரு பாயின் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டாக்டர் வருவார், பார்ப்பார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒரு ஸ்பூன் வாயில் விடுவதற்கு ஒருத்தி விழித்திருப்பாள். அவள் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வராது. மகலனாபிஸ் அவளை நம்பித்தான் வைத்தியத்தையே அமைத்தார். நெருக்கடியில் கையாலாகாமல் நிற்கிற வேளையில், 'பக்கத்தில் இருப்பவரால் இதைச் செய்ய முடியும்' என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்குப் பெரிய மனசு வேண்டும். படிப்பு கூடக் கூட அந்த மனசு சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மகலனாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். தான் இளம் டாக்டராக வேலை பார்த்த கல்கத்தா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தன் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நம்புவது ஒரு பாதி என்றால், அளவு இன்னொரு பாதி. அதற்கு வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஃபசல் ஹசன் ஆபேத் என்பவர் தொடங்கியது. பாக்கெட் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வீட்டில் இருப்பதையே வைத்துக்கொண்டார்கள்: மூன்று விரலால் கிள்ளி எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். 1980களில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், அடுப்படியில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேருக்கு ஒரு கோடு கிழித்துக் கொடுத்து, தாயைத் தன் கையாலேயே கலக்க வைத்தார்கள். பத்து வருஷத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல்.

சம்பளம் கொடுத்த விதம் இன்னும் அழகு. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்மார்களில் சிலரைக் கலந்து காட்டச் சொல்லுவார். சொல்லிக் கொடுத்ததில் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார். தாய் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாளோ அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் கூலி. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒரு திட்டம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வேண்டாம், எதற்கு வம்பு.

அப்படியும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல். தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள், பேதி வந்தபோது மட்டும் கலந்து கொடுக்கவில்லை. ஏன் என்று விசாரித்தால், சொல்லிக் கொடுக்கப் போன ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதியானால் மாத்திரை விழுங்கினார்கள். அவர்களை டாக்கா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கண்ணெதிரே நோயாளிகள் எழுந்து உட்காருவதைக் காட்டிய பிறகுதான் சரிவந்தது. வீட்டு ஆம்பிளைகளுக்கு ஒன்றும் சொல்லாமல் பெண்களிடம் மட்டும் பேசியதும் தப்பு என்று தெரிந்து, ஆண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். வயிற்றால் போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று குழந்தைக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டாத வீடுகள் இருந்தன. இப்போதும் அங்கங்கே இருக்கின்றன. இன்னொரு பக்கம் உப்புப் போட்ட நொய்க்கஞ்சியும் மோரும் கொடுத்துத் தேற்றிய பாட்டிகளும் இருந்தார்கள். அரிசி மாவுச்சத்தும் வயிற்றில் போய்க் குளுக்கோஸாகத்தானே ஆகிறது! வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், எளிதில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் காலராவில் பேதி சீக்கிரம் குறைகிறது என்று 2000இல் பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். பாட்டி சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. தண்ணீர் கொடுக்காதே என்று சொன்னதும் அதே பாட்டிகள்தான்.

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'குளுக்கோஸ் ஏத்தினாத்தான் தெம்பு' என்று ஊரே நம்புகிறது. ஐந்து சதவீத குளுக்கோஸ் என்று எழுதியிருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளர் காபியில் போகிற சர்க்கரை அது. நினைவு தப்பினவர், குடிக்கவே முடியாதவர், ரொம்ப வறண்டு கண் சொருகிக் கிடப்பவர், இவர்களுக்கு நரம்பில்தான் ஏற்றியாக வேண்டும், தாமதிக்கக் கூடாது. குடிக்கத் தெம்பிருக்கிற மற்றவர்களுக்கு டம்ளரே போதும்.

ஆனால் டம்ளரில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். 2002இல் உலக சுகாதார நிறுவனமே தன் கரைசலில் குளுக்கோஸை 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகக் குறைத்தது. இதற்கு நேர்மாறாக, மருந்துக் கடைகளில் பழரசம்போல் அட்டை டப்பாவில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போட்டுக்கொண்டு, பல மடங்கு சர்க்கரையோடு பானங்கள் விற்றார்கள். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தைகள் டாக்டர் வருஷக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில், அந்தப் பெயரை எந்தப் பானத்தின் மேலும் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

ஆகவே வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா, 20.5 கிராம் பொடி ஒரு லிட்டருக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக் கலக்காதீர்கள். கண்ணளவில் போட்டால் அளவு தப்பும். காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கொட்டுங்கள். அதில் மேற்கொண்டு சர்க்கரையோ ஜூஸோ சேர்க்க வேண்டாம். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டருக்குத் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையென்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதைப்போல் இரண்டு பங்கு. குழந்தை வாந்தியெடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் பதினான்கு நாளும் கொடுத்து முடியுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, மூத்திரம் போகாமல் இருந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மாட்டேன் என்றாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்; போகிற வழியெல்லாம், விழுங்க முடிகிற வரைக்கும், ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள். கலந்து 24 மணி நேரம் ஆன கரைசலைக் கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட்டைப் பிரியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.